சிவந்துபோன வெள்ளை

அத்தியாயம் 11

போன வாரம், வெள்ளை மை டப்பாவை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன் என்று சொல்லி நிறுத்தினேன். மையைப் பூட்டி வைக்கிற மாமனாரா என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். பொழுது விடிகிற வரைக்கும் நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. என் பெயர் செங்கல்வராயன். சத்தியவேடு பக்கத்தில் போர்க் கிணறு வற்றிப் போனதும் குடும்பத்தோடு திருப்பதிக்கு வந்தவன். கொர்லகுண்டாவில் ஒரு தகரக் கொட்டகை போட்டு டீ சர்ட்டுகளில் படம் அச்சடிக்கிறோம். பெரியவன் கோவர்த்தனன் திருப்பூரில் தொழில் கற்று வந்து ஆரம்பித்தது. அவன் இப்போது குவைத்தில் வண்டி ஓட்டுகிறான். மை கலக்குவது அவன் பெண்சாதி நளினி. ஸ்கிரீனில் ரப்பர் கட்டையால் மை இழுப்பது சின்னவன் ஸ்ரீஹரி. எண்ணி மடிப்பது என் வீட்டுக்காரி அலர்மேல்மங்கை. எல்லோரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்.

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் கோயில் தொண்டர் சங்கத்திலிருந்து ஒரு ஆர்டர். சவிதிக்கு, அதாவது பிள்ளையார் சதுர்த்திக்கு, வேலை செய்கிற பிள்ளைகள் போட்டுக்கொள்ளச் சிவப்பு டீ சர்ட் நானூறு. நெஞ்சில் வெள்ளையில் பிள்ளையார். சட்டைகளை வாங்கி வந்தது ஸ்ரீஹரி. முந்தின நாள் சாயங்காலத்தோடு நானூறும் அடித்து முடித்து, சூடு காட்டி, அடுக்கி வைத்துவிட்டோம்.

காலையில் எண்ணப் போன அலர்மேல்மங்கை கொட்டகையிலிருந்து கத்தினாள்.

"யோவ், இங்க வந்து பாரு. பிள்ளையாரு செவந்து கீறாரு!"

ஓடினேன். அவள் சொன்னது சரி. மேலே இருந்ததை எடுத்தேன், நடுவிலிருந்து உருவினேன், அடியிலிருந்து இழுத்தேன். எல்லாப் பிள்ளையாரும் பஞ்சு மிட்டாய் நிறத்தில் இருந்தார்கள்.

"சாமி இன்னாவோ காட்டுது" என்றாள் அவள், கன்னத்தில் போட்டுக்கொண்டு. "காணிப்பாக்கத்து சாமி வளந்துக்கினே போவுதுன்றாங்க. இங்க நெறம் மாறுது. ஒரு கற்பூரம் கொளுத்து."

"கொளுத்தினா சங்கத்துக்காரன் வாங்கிக்குவானா? நானூறையும் மாட்டிக்கினு நீயே சுத்தி வா."

சாமிக்கு என் கொட்டகையில் வேலை இல்லை. வெள்ளை ரோஸ் ஆனால் அதில் சிவப்பு விழுந்திருக்கிறது. சிவப்பு தானாக விழாது. யாரோ போட்டிருக்க வேண்டும்.

முதலில் டிரங்குப் பெட்டியைத் திறந்து டப்பாவைப் பார்த்தேன். மீதியிருந்த மை வெண்ணெய் மாதிரி வெள்ளையாக இருந்தது. அப்படியானால் டப்பாவுக்கும் சட்டைக்கும் நடுவில்தான் திருட்டு வேலை நடந்திருக்கிறது. நடுவில் என்ன இருக்கிறது? டப்பாவிலிருந்து கரண்டியால் கிண்ணத்தில் அள்ளிப் போடுகிறோம். இந்த மை கட்டித் தயிர் மாதிரி இருக்கும். குச்சியால் கிண்டிக் கிண்டி, தோசை மாவு போல விழுகிற பதத்துக்கு நளினி கொண்டுவருவாள். பிறகு ஸ்கிரீனில் ஊற்றி ரப்பர் கட்டையால் இழுப்பான் ஸ்ரீஹரி. அவ்வளவுதான்.

நளினி குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தாள். பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். ஒரு சட்டையை எடுத்துப் பிள்ளையாரின் வயிற்றை நகத்தால் கீறினாள்.

"அடிச்சப்ப வெள்ளையா இருந்திச்சே மாமா. நீங்கோ பாத்தீங்க."

"பாத்தேன். அதான் கேக்கறேன். விடியறதுக்குள்ள யாரு வந்து சாயம் பூசினாங்க?"

"எனக்கு எப்டித் தெரியும்?"

"ஸ்கிரீனை நேத்து சாயங்காலமே கெரசின் போட்டுக் கழுவிட்டியே. இந்த மை எத்தினி நாள் வெச்சாலும் காயாது, காலைல கழுவிக்கலாம்னு எப்பவும் சொல்லுவே. நேத்து மட்டும் இன்னா அவசரம்?"

"வேல முடிஞ்சிது, கழுவினேன்."

"கிண்ணத்தயும் கழுவிட்டே. குச்சியயும் கழுவிட்டே."

"கழுவலன்னா அதுக்கும் கேப்பீங்கோ."

அவள் சொன்னதில் தப்பில்லை, கேட்டிருப்பேன். ஆனால் எனக்கு இன்னொரு விஷயம் நெஞ்சில் முள்ளாக இருந்தது. பைபாஸில் புதிதாகப் பிரிண்டிங் போட்டிருக்கும் நாகையா, இரண்டு நாளைக்கு முன்னால் எங்கள் கேட் அருகே நின்று இவளோடு பேசிக்கொண்டிருந்தான்.

"அந்த நாகையா இன்னா சொன்னான்?"

"வேலைக்கு வரியான்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்னே?"

"எங்க மாமாவ கேளுங்கன்னேன்."

"சிரிச்சியே. நான் பாத்தேன்."

"உங்கள வந்து கேட்டா அவரு கதி இன்னா ஆவும்னு நெனச்சேன். சிரிப்பு வந்திச்சி."

அலர்மேல்மங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இந்த வீட்டில் எனக்கு எதிராக யார் பேசினாலும் அவளுக்குச் சிரிப்பு வரும்.

ஸ்ரீஹரி பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றான். ஒரு சட்டையைத் தொட்டான், உடனே கீழே வைத்துவிட்டான்.

"நைனா, போன வாரம் ஸ்கூல் ஆர்டருக்குச் செவப்பு கலக்கின கிண்ணம்தான் இது. அண்ணி சரியா கழுவலையோ இன்னாமோ."

நளினி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "கட்டையும் அதே கட்டதான் ஸ்ரீ. அத்தக் கழுவறது நீ."

"நான் கழுவினேன்."

"நானும் கழுவினேன்."

"கிண்ணத்துல ஒட்டியிருந்த செவப்புன்னா மொத பத்து சட்டையோட போயிருக்கும்" என்றேன். "நானூறும் ஒரே ரோஸு. அளந்து கலந்தா மாதிரி கீது. தெரிஞ்சே செஞ்ச வேல இது."

"யாரு செஞ்சாங்கன்றீங்க?" என்றாள் நளினி.

"கிண்ணம் உன் கையில."

"கிண்ணத்துல மைய அள்ளிப் போட்டது யாரு? டப்பாவ நாங்க யாராவது தொட முடியுதா? கரண்டி உங்க கரண்டி. அதே கரண்டியிலதான் செவப்பையும் அள்ளினீங்கோ. அப்ப நீங்களே கலந்துட்டீங்கன்னு நான் சொல்லலாமா?"

"நானா? என் தொழில நானே கெடுப்பனா?"

"என் புருஷன் தொழில நான் கெடுப்பனா?"

சட்டையை அடுக்கின் மேல் வீசிவிட்டுச் சொன்னேன். "இந்தாம்மா, கேட்டுக்க. மை உன் கையால கெட்டிருந்தா இந்த ஷெட்டுல மட்டுமில்ல, வூட்லயும் உனக்கு எடம் கெடையாது. புத்தூர் பஸ் ஏறி உன் அம்மா வூட்டுக்குப் போய்க்கினே இரு. பெரியவனுக்கு நான் போன் போட்டுச் சொல்லிக்கறேன்."

அலர்மேல்மங்கை, "இன்னாய்யா பேச்சு இது?" என்றாள். இந்தத் தடவை அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நளினி அழுவாள் என்று நினைத்தேன். அழுதால் தப்பு செய்தவள் என்று முடிவு கட்டியிருப்பேன். அழாமல் நின்றாள். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"காணிப்பாக்கம் போலாம் மாமா" என்றாள். "கொளத்துல முங்கி, ஈரத்துணியோட சாமி முன்னால சத்தியம் பண்றேன். ஆனா நான் மட்டும் பண்ண மாட்டேன். கரண்டி புடிச்ச நீங்களும் பண்ணணும். கட்ட புடிச்ச ஸ்ரீயும் பண்ணணும்."

எங்கள் பக்கத்தில் இது விளையாட்டுப் பேச்சு கிடையாது. காணிப்பாக்கத்தில் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டான் எங்கள் ஆள். போலீஸ் ஸ்டேஷனில் நாள் முழுக்கப் பொய் சொன்னவன், அந்தக் குளத்தின் படியில் கால் வைத்ததும் உண்மையைக் கக்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

"நான் எதுக்கு நைனா?" என்றான் ஸ்ரீஹரி. "இருக்கற சட்டைய எதுனா பண்ணிக் காப்பாத்த முடியுமான்னு பாக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

"கட்ட இழுத்தவன் நீ. நட."

கிளம்புகிறபோது அந்த ரோஸ் பிள்ளையார் சட்டை ஒன்றை எடுத்து நான் மாட்டிக்கொண்டேன். மேலே பூசிய சாயமென்றால் வேர்வையிலோ குளத்துத் தண்ணீரிலோ ஓடிவிடும். ஓடாவிட்டால் மைக்குள்ளேயே இருக்கிறது. யார் பேச்சையும் கேட்பதைவிட நாமே போட்டுப் பார்ப்பது நல்லது.

"தாத்தாவுக்கு மாப்பிள்ள களை வந்துடுச்சி" என்றாள் அலர்மேல்மங்கை வாசலில் நின்று.

சித்தூர் பஸ்ஸில் ஏறினோம். நளினி முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். மடியில் மாற்றுப்புடவைப் பை. வழி முழுக்க அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நிமிர்ந்தே இருந்தது. ஸ்ரீஹரி என் பக்கத்தில் ஜன்னலோரம். பூதலப்பட்டு தாண்டியதும் கேட்டான்.

"இன்னான்னு சத்தியம் பண்ணணும் நைனா? மையப் பத்தி மட்டும்தானே?"

"வேற எதப் பத்தி?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

காணிப்பாக்கம் பிரிகிற கைகாட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். கோயில் குளத்தில் சவிதிக் கூட்டம் இப்போதே ஆரம்பித்திருந்தது. சத்தியத்துக்கு வந்தவர்களின் முகம் தனியாகத் தெரியும்; யாரும் யாரோடும் பேசமாட்டார்கள்.

முதலில் நளினி முங்கினாள். தயக்கம் இல்லை. படியிறங்கினாள், மூக்கைப் பிடித்தாள், போனாள், வந்தாள். அடுத்து நான், அந்தச் சட்டையோடேயே. மூன்றாவது ஸ்ரீஹரி.

நீர் சொட்டச் சொட்டச் சன்னதிக்குப் போனோம். அய்யர் எங்கள் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்து, "அபத்தம் செப்பொத்து" என்றார். பொய் சொல்லாதீர்கள் என்று தெலுங்கில் அவர் எல்லோருக்கும் சொல்வதுதான். எனக்கு மட்டும் சொன்ன மாதிரி இருந்தது.

"வெள்ள மையில வேற சாயம் எதுவும் என் கையால விழல. விழுந்திருந்தா என் கண்ணு ரெண்டும் போவட்டும்" என்றாள் நளினி. குரல் ஆடவில்லை.

நானும் அதையே சொன்னேன்.

"மையில நான் எதுவும் கலக்கல சாமி! சத்தியமா கலக்கல!" என்றான் ஸ்ரீஹரி. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். சொல்லி முடித்ததும் முகத்தில் ஒரு தெளிவு. பல் பிடுங்கி வெளியே வந்தவன் மாதிரி இருந்தான். தன்மேல் வந்த பழி தீர்ந்ததற்கு ஒரு ஆளுக்கு இத்தனை சந்தோஷமா என்று எனக்குப் பட்டது. பட்டதை உள்ளே போட்டுக்கொண்டேன்.

மூன்று பேரும் சத்தியம் செய்தாயிற்று. மூன்றும் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் பிள்ளையார் ஏன் ரோஸாக இருக்கிறார்? குனிந்து என் நெஞ்சைப் பார்த்தேன். துளி சாயம் போகவில்லை.

நளினி புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். கோயிலுக்கு வெளியே ஒரு ஓட்டலில் பொங்கல் சொன்னோம். நான் மாற்றுத்துணி கொண்டுவரவில்லை. ஈர வேட்டியோடு பெஞ்சில் உட்கார்ந்ததும் சர்வர் முறைத்தான்.

"தாத்தா, பெஞ்சு நனயுது. எழுந்து நில்லு."

எழுந்து நின்று தின்றேன். நின்றபோதுதான் அது உறைத்தது. வேட்டி காலில் ஒட்டிக்கொண்டு சொட்டுகிறது. மேலே சட்டை? தடவினேன். காய்ந்திருந்தது. இரண்டும் ஒரே தண்ணீரில் ஒரே நேரத்தில் முங்கியவை. நல்ல பருத்திப் பனியன் துணி வேட்டியைவிடத் தண்ணீர் குடிக்கும். இது குடிக்கவே இல்லையே?

எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து, சட்டையின் அடி ஓரத்தில் ஒரு நூலை இழுத்து அறுத்தேன். ஓட்டல்காரனிடம் தீப்பெட்டி வாங்கிக் கொளுத்தினேன். பருத்தி என்றால் எரிந்து சாம்பலாகிவிடும். இது சுருண்டது, கறுத்தது, நுனியில் ஒரு சின்ன உருண்டை நின்றது. விரலில் ஒட்டிச் சுட்டது.

"பாலியெஸ்டர்" என்றாள் நளினி. வாயருகே கொண்டுபோன பொங்கல் அப்படியே நின்றது. "மாமா, துணியில பாலியெஸ்டர் கலந்து கீது. என் வூட்டுக்காரரு சொல்லியிருக்காரு. இந்தத் துணியில அடிச்சிச் சூடு காட்டினா, துணியோட சாயம் ஆவி மாதிரி மேல ஏறும். அடிச்சப்ப ஒண்ணும் தெரியாது. விடியறதுக்குள்ள வெள்ள மைக்குள்ள பூந்துடும். மையில ஒண்ணியும் விழல. கீழேந்து ஏறியிருக்கு."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"காட்டன்னு சொல்லித்தானே குடுத்தீங்க? நான் மைய மட்டுந்தான் யோசிச்சேன். நீங்களும் மையதான் யோசிச்சீங்கோ. மைய பெட்டில வெச்சிப் பூட்டுனீங்க. மகன் கொண்டாந்த துணிய ஒரு தடவ தடவிப் பாத்தீங்களா?"

நான் ஸ்ரீஹரியைப் பார்த்தேன். அவன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொங்கல் குறையவே இல்லை.

துணி வாங்க நான்கு நாள் திருப்பூர் போய்விட்டு வந்தவன் அவன். நூற்றுக்கு நூறு காட்டன், நானே பார்த்து எடுத்தேன் என்று மூட்டையை இறக்கியவனும் அவன்.

"எழுந்திரு" என்றேன்.

"எங்க நைனா?"

"கொளத்துக்கு. மைக்குச் சத்தியம் பண்ணியாச்சி. இப்ப துணிக்குப் பண்ணு."

எழுந்தான். குளத்தின் மேல்படி வரைக்கும் வந்தான். அங்கே உட்கார்ந்துவிட்டான். நான் கையைப் பிடித்து இழுத்தேன், கோணியில் மண் கட்டிய மாதிரி கனத்தான்.

"வேணா நைனா. முங்க மாட்டேன்."

"அப்ப வாயத் திற."

"நான் திருப்பூருக்குப் போகல."

"எங்க போனே?"

"மெட்ராஸ். குவைத் விசாவுக்கு ஏஜென்ட் ஆபீசு. மெடிக்கல் பாக்கணும்னாங்க, ரெண்டு நாளு இழுத்துட்டாங்க. திரும்பி வரும்போது வெறுங்கையோட வர முடியல. சித்தூர்ல ஒரு புரோக்கரு, திருப்பூர் சரக்கு, சுத்தமான காட்டன்னான். வாங்கியாந்துட்டேன். மிக்ஸுன்னு சாமி சத்தியமா எனக்குத் தெரியாது."

"விசா யாரு அனுப்பினது?"

"அண்ணன்."

என் காலடியில் படி ஈரமாக இருந்தது. நானும் உட்கார்ந்தேன். ஒருவன் போனது போதும், இன்னொருவன் இந்த வீட்டை விட்டுக் கடல் தாண்டக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். சொன்னது எல்லோருக்கும் தெரியும்.

"நேரா வந்து கேட்டிருக்கலாமே."

"கேட்டா பாஸ்போர்ட்ட கிழிச்சிப் போட்டிருப்பே."

கிழித்திருப்பேன்.

எழுந்தேன். முதலில் வேலை. சித்தூரில் அந்தப் புரோக்கரைப் பிடிக்க வேண்டும், நல்ல துணி எடுக்க வேண்டும், சவிதிக்குள் மறுபடி நானூறு அடிக்க வேண்டும். நளினி நாலு படி தள்ளி ஈரப்புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"வா, வேல கெடக்குது. பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றேன். இதற்கு மேல் இறங்கிவர என் வாய்க்குத் தெரியாது.

அவள் புடவையை உதறி மடித்தாள்.

"நான் வரல மாமா."

"எங்க போறே?"

"புத்தூர் பஸ்ஸு. நீங்கதானே காலைல ஏறச் சொன்னீங்கோ."

"அது மை கெட்டிருந்தா. மைதான் கெடலியே."

"இன்னிக்கிக் கெடல. நாளைக்கி எதுனா ஒண்ணு கெடும். கரன்ட்டு போவும், ஸ்கிரீன் கிழியும், மழ வந்து ஒழுவும். அப்பவும் நீங்க மொதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பீங்கோ. அவரு அங்க, நான் இங்க. எத்தினி தடவ நான் கொளத்துல முங்கறது?"

"இன்னா செய்யணுன்றே?"

"நான் ஒரு தடவ முங்கினேன் இல்ல? நீங்க இன்னொரு தடவ முங்குங்கோ. இனிமே நளினி மேல சந்தேகப்பட மாட்டேன்னு சாமி முன்னால சொல்லுங்கோ. சொன்னா வரேன். ராத்திரி பகல் பாக்காம நானூறையும் அடிச்சிக் குடுக்கறேன். சொல்லலன்னா, வேற ஆளு பாத்துக்கோங்க."

இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஒரு முங்கு, ஒரு வார்த்தை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது, நெஞ்சுக்கு வந்தது. நெஞ்சில் இருந்த பிள்ளையார் நனைந்தார்.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது.

விசா அனுப்பியது கோவர்த்தனன். கோவர்த்தனன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவது எஸ்.டி.டி. பூத்துக்கு, இவளுக்கு. தம்பிக்கு விசா அனுப்புகிறவன் பெண்சாதியிடம் ஒரு வார்த்தை சொல்லாமலா இருப்பான்? ஸ்ரீஹரி மெட்ராஸில் இருந்த நாலு நாளும், அவன் திருப்பூரில் துணி பார்க்கிறான் என்று என் எதிரில் இவள் சோறு போட்டாளே, தெரிந்தே போட்டாளா? தெரியாமல் போட்டாளா?

திரும்பிப் பார்த்தேன். படியில் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்திருந்தாள். ஸ்ரீஹரி எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தான்.

ஒரே ஒரு கேள்வி. உனக்குத் தெரியுமா என்று கேட்டால் போதும். கேட்டால் அது சந்தேகம். அவள் பஸ் ஏறிவிடுவாள். கேட்காமல் முங்கிச் சன்னதிக்குப் போனால் அது பொய்ச் சத்தியம். இடம் காணிப்பாக்கம்.

பின்னால் வரிசையில் நின்றவன் தெலுங்கில் கத்தினான். முங்குவதென்றால் முங்கு, இல்லையென்றால் மேலே ஏறு என்றான்.

"இன்னா மாமா?" என்றாள் நளினி.

மூக்கைப் பிடித்துக்கொண்டேன். முங்கவில்லை.